இந்த ஆண்டின் ஞாயிறுகள்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியற்காலையில் எழுந்து, என் அணியின் பெயர்களை நோட்டில் கையால் எழுதினேன். திரையில் பார்க்கும்போது கண் வேகமாக ஓடிவிடுகிறது. கையால் எழுதினால் ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இருபத்தெட்டுப் பேர். மாதக் கடைசிக்குள் இருபத்தைந்தாக வேண்டும்.

பதினேழாவது பெயரில் பேனா நின்றது. டிராவிஸ் கெல்சி, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ். வருகிற அக்டோபர் 5ஆம் தேதி அவருக்கு 36 வயது நிறைகிறது.

ஊரில் யாராவது இந்த நோட்டைப் புரட்டினால் புரிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிந்து பிடிப்பார்கள். ஃபேன்டஸி ஃபுட்பாலில் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறோம். அணி கற்பனை, ஆட்டக்காரர்கள் நிஜம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் செய்வது எங்கள் கணக்கில் புள்ளியாக விழும். முன்னேறும் பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் போட்டால் ஆறு, பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. பொதுவாக ஆண்டுதோறும் பலகையை அழித்துவிட்டுப் புதிதாக ஆள் எடுப்பார்கள். எங்களுடையது டைனஸ்டி லீக். ஒருமுறை எடுத்த ஆள், நாமாக விடும்வரை நம்மோடுதான் இருப்பார். அதனால் எங்கள் பட்டியலுக்கு வயதாகும்.

2014இல் அலுவலகத்தில் தொடங்கினோம். பிறகு பாதிப் பேர் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். லீக் மட்டும் கலையவில்லை. கெல்சியை அந்த முதல் ஆண்டிலேயே பதினோராவது சுற்றில் எடுத்தேன். அவர் 2013இல் புதிதாக வந்தவர், முழங்கால் அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில் தலைகாட்டியதோடு சரி. யாரும் சீண்டவில்லை. அவர் ஆடுவது டைட் எண்ட் இடத்தில். எதிராளியைத் தோளால் தள்ளி மறிக்கவும் வேண்டும், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். அந்த இடத்தில் ஆடிக்கொண்டு 2016 முதல் 2022 வரை ஏழு சீசன் தொடர்ந்து ஆயிரம் யார்டைத் தாண்டினார். அதற்கு முன் எந்த டைட் எண்டும் அப்படிச் செய்ததில்லை.

பதினோரு ஆண்டு. என் கல்யாணத்துக்குப் பிறகு மாறாமல் இருக்கும் விஷயங்களில் அந்தப் பெயரும் ஒன்று.

ஆகஸ்ட் 6, புதன்

நான் இருப்பது ஃப்ரீமாண்ட்டில். வேலைக்குப் போகும் பார்ட் ரயில் ஓக்லாந்து கொலிசியத்தைக் கடந்துதான் போகும். அந்த மைதானத்தில் ஆடிய ரெய்டர்ஸ் ஃபுட்பால் அணி 2020இல் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டது. பேஸ்பால் ஆடிய அத்லெட்டிக்ஸும் 2024 சீசன் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அந்தப் பெரிய கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டிகூட இல்லை.

ஃபேன்டஸி ஃபுட்பால் பிறந்ததே ஓக்லாந்துக்காரர்களால்தான். ரெய்டர்ஸில் சிறிய பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் 1962இல் அணியோடு நியூயார்க் போயிருந்தார். அந்த ஆண்டு ரெய்டர்ஸ் ஆடிய 14 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. ஓட்டல் அறையில் அவரும், அணியின் விளம்பரப் பொறுப்பாளர் பில் டன்னலும், ஓக்லாந்து டிரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங்கும் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். 1963 ஆகஸ்டில் விங்கன்பாக் வீட்டில் எட்டு அணிகள் கூடி ஆள் எடுத்தன. உலகத்தின் முதல் ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்ட் அதுதான்.

அன்று முதலாவதாக எடுக்கப்பட்ட பெயர் ஜார்ஜ் பிளாண்டா. பந்தை எறியும் குவார்ட்டர்பேக், கூடவே பந்தை உதைப்பவரும் அவரே. அப்போது அவருக்கு 35 வயது. முந்தைய சீசனில் அவர் எறிந்த பந்துகளில் 42ஐ எதிரணிக்காரர்கள் பிடித்திருந்தார்கள். ஒரே சீசனில் அவ்வளவு பந்துகளைப் பறிகொடுத்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜிம் பிரவுன் பட்டியலில் இருந்தார். அந்த ஆண்டு 1,863 யார்டு ஓடப்போகிறவர். அவரை விட்டுவிட்டுப் பிளாண்டாவை எடுத்தார்கள்.

தவறான தேர்வு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், 1963ஐ மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் பிளாண்டாவின் கதை அங்கே முடியவில்லை. இவர் கதை முடிந்தது என்று 1967இல் அவருடைய ஹூஸ்டன் அணி அவரை விட்டது. ரெய்டர்ஸ் எடுத்துக்கொண்டது. 1970 சீசனுக்கு முன் ரெய்டர்ஸும் ஒருமுறை விட்டுவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்த சீசன் ஆடும்போது வயது 43. அந்த அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து ஞாயிறுகள். முதல் வாரம் அடிபட்ட குவார்ட்டர்பேக்குக்குப் பதிலாக இறங்கி அணியை ஜெயிக்கவைத்தார். அடுத்த வாரம் கான்சாஸ் சிட்டிக்கு எதிராக, மூன்று நொடி மிச்சமிருக்க 48 யார்டிலிருந்து உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அதற்கடுத்த வாரம் கிளீவ்லாண்டுக்கு எதிராக, அதே மூன்று நொடி மிச்சமிருக்க 53 யார்டு. பிறகு டென்வர், பிறகு சான் டியேகோ. நாலு வெற்றி, ஒரு சமன். 48 வயது வரை ஆடினார், 26 சீசன்.

இதை வைத்துக் கிழவர்களைக் கைவிடக் கூடாது என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. 1963இல் பிளாண்டாவை எடுத்தவருக்கு 1970இன் ஐந்து ஞாயிறுகளால் என்ன பயன்? ஒரு மனிதரின் வாழ்க்கைக் கணக்கு வேறு, அவர் பெயரை நான் வைத்திருக்கும் நாட்களின் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இத்தனை ஆண்டும் ஆடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

போன ஆண்டு ஆகஸ்டில் இதே நோட்டில் எழுதிய பக்கம் கிடைத்தது. டெரிக் ஹென்றி பெயருக்கு எதிரே: "30 வயது. 2,030 தடவை பந்து சுமந்தாகிவிட்டது. போதும்."

ரன்னிங் பேக் என்பவர் பந்தோடு நேராகக் கூட்டத்துக்குள் ஓடுகிறவர். நூற்றுமுப்பது கிலோ ஆட்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு மூன்று பேராக மேலே விழுவார்கள். அது சீசனுக்கு முந்நூறு தடவை. முழங்கால் தசைநார், கணுக்கால், இடுப்பு, எதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. இருபத்தெட்டு வந்தால் ரன்னிங் பேக்கைக் கைமாற்று, முப்பது வந்தால் கேட்ட விலைக்குக் கொடு என்பது எங்கள் வட்டாரத்தில் பால்பாடம். பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாகக் கொடுப்பார்கள். குவார்ட்டர்பேக்குக்கு அதற்கும் மேல்.

2023இல் டென்னஸியில் ஹென்றியின் ஓட்டம் தடவைக்கு 4.2 யார்டாக இறங்கியிருந்தது. 2024 மார்ச்சில் அவர் பால்டிமோர் போனார். எனக்கு அது கடைசிச் சம்பளம் வாங்கப் போவதுபோலத் தோன்றியது. லீக்கில் டெக்சஸ்காரர் ஒருவர் கேட்டார். அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றை, அதாவது புதியவர்களில் ஒருவரை எடுக்கும் உரிமையை, வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அந்த சீசனில் ஹென்றி 1,921 யார்டு ஓடினார், ஓடியே 16 டச்டவுன் போட்டார், தடவைக்கு 5.9 யார்டு. நான் வாங்கிய தேர்வில் எடுத்த பையன் இன்றைய இருபத்தெட்டுப் பேரில் விடப்போகும் மூவரில் ஒருவன்.

அதற்கு ஐந்தாண்டு முன் நேர்மாறாகச் செய்தேன். டாட் கர்லி ஹென்றியைவிட ஏழு மாதம் இளையவர், இருவரும் 1994இல் பிறந்தவர்கள். 2018இல் கர்லி 21 டச்டவுன் போட்டிருந்தார். அவருடைய முழங்கால் தேய்மானம் பற்றிய பேச்சு ஏற்கெனவே வெளியில் வந்திருந்தது. 2019 ஆகஸ்டில் அவருக்கு நல்ல விலை வந்தது. 25 வயதுப் பையனை யாராவது கொடுப்பார்களா என்று மறுத்தேன். 2020 மார்ச்சில் அவருடைய ராம்ஸ் அணி அவரை விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரு சீசன் ஆடினார். 26 வயதில் எல்லாம் முடிந்தது.

பிறந்தநாளை எண்ணாமல் சுமந்த தடவையை எண்ண வேண்டும் என்று சில காலம் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கர்லி தன் வாழ்நாளில் சுமந்தது மொத்தம் 1,460. ஹென்றி அதைத் தாண்டி அறுநூறு தடவைக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான் அந்த 1,921 யார்டு ஓடினார். அந்தக் கணக்கும் என்னைக் கைவிட்டது.

எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். 2023இன் ஹென்றிக்கு முன்னால் மறித்து வழி திறக்க வேண்டிய ஆட்கள் பலவீனமாக இருந்தார்கள். பால்டிமோரில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் லமார் ஜாக்சன். பந்தை எறியவும் செய்வார், தானே எடுத்துக்கொண்டு ஓடவும் செய்வார். எதிரணி அவர்மேல் ஒரு கண் வைத்தே ஆக வேண்டும், அந்த அரை நொடித் தயக்கத்தில் ஹென்றிக்கு வழி கிடைத்தது. நான் ஆளின் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜெர்ரி ரைஸ் 40 வயதில், 2002இல், 1,211 யார்டு பிடித்தார். ஃபிராங்க் கோர் 16 சீசன் ஓடி, 37 வயதில், சரியாக 16,000 யார்டோடு நின்றார். டாம் பிரேடி 44 வயதில் 5,316 யார்டு எறிந்து அந்த சீசனில் எல்லாருக்கும் முதலாவதாக வந்தார்.

இந்தப் பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கின்றன. ஷான் அலெக்சாண்டரை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2005இல் 1,880 யார்டு, 28 டச்டவுன், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். அடுத்த ஆண்டு 896. அதற்கடுத்த ஆண்டு 716. அதன் பிறகு மீளவே இல்லை. வீழ்ந்தவர்களை மனம் சேர்த்து வைப்பதில்லை. அதனால்தான் ஒவ்வொரு ஆகஸ்டிலும் என் ஆளும் ரைஸ் மாதிரி இருப்பார் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 16, சனி

டென்வரின் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மானிங்கைப் பற்றி எழுதாமல் கெல்சியைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

2014இல் லீக் தொடங்கியபோது மூன்றாம் சுற்றில் அவரை எடுத்தேன். அவருக்கு 38 வயது. நடந்து முடிந்த சீசனில் 55 டச்டவுன், 5,477 யார்டு எறிந்திருந்தார். எனக்காக ஆடிய முதல் ஆண்டில் 39 டச்டவுன். 2015 ஆகஸ்டில் ஒருவர் கேட்டபோது, கேட்டவரிடம் எனக்குக் கோபமே வந்தது. மானிங்கைக் கொடுப்பதா?

2015 நவம்பர் 15. டென்வரில் கான்சாஸ் சிட்டியோடு ஆட்டம். மானிங்குக்கு இன்னும் மூன்று யார்டு கிடைத்தால், வாழ்நாள் மொத்தத்தில் பிரெட் ஃபாவ்ரின் 71,838 யார்டைத் தாண்டிவிடுவார். ரானி ஹில்மனுக்கு நாலு யார்டுக்கு ஒரு சிறு பந்து எறிந்தார். சாதனை வந்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்றது. அதன் பிறகு நடந்ததைத் தொலைக்காட்சி முன்னால் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். அன்று அவர் எறிந்தது 20, சேர்ந்தது ஐந்து, மொத்தம் 35 யார்டு. நாலு பந்து எதிரணியின் கையில். மூன்றாம் கால்பகுதியில் வெளியே உட்கார வைத்தார்கள். இடது உள்ளங்காலின் திசுப்பட்டை கிழிந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்தார்.

எங்கள் லீக்கில் எறிந்த யார்டுக்குப் புள்ளி குறைவு, பறிகொடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு புள்ளி கழியும். அன்று மானிங் எனக்குத் தந்தது கழித்தல் 6.6. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

உலகத்தில் எவரும் எறியாத அளவு பந்தெறிந்து முடித்த நாளும், என் பட்டியலில் பூஜ்யத்துக்குக் கீழே போன நாளும் ஒன்றேதான். எனக்கு இந்த ஆட்டம் பற்றித் தெரிந்ததில் மிக ஆழமான விஷயம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த சீசன் அத்தோடு போகவில்லை. அவர் திரும்பி வந்தார். 2016 பிப்ரவரி 7ஆம் தேதி ஐம்பதாவது சூப்பர் பவுல், எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில், சாண்டா கிளாராவில். டென்வர் 24, கரோலைனா 10. மானிங்கின் கணக்கு 141 யார்டு, ஒரு பந்து பறிபோனது. ஃபேன்டஸியில் அது ஒன்றுக்கும் உதவாத எண். ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்தது டென்வரின் தடுப்பாட்டம். ஆனால் ஓட முடியாத, தூரம் எறிய முடியாத அந்த 39 வயதுக்காரர், எதிரே நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் ஆட்களைக் கையசைத்து இடம் மாற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். அதற்குப் புள்ளி கொடுக்க எந்த விதியும் இல்லை. மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.

அன்றைக்கு நான் கற்றிருக்க வேண்டும். மானிங்கை வைத்திருந்தது அவருக்கு நான் காட்டிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சேர வேண்டிய மரியாதை என் பட்டியலில் இல்லை. அது டென்வரில் இருந்தது, கொடுக்கவும் செய்தார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

மதுரையிலிருந்து அண்ணன் பேசினார். அங்கே காலை, இங்கே ராத்திரி. நான் ஏதோ யோசனையில் இருப்பதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். சொன்னேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு "நம்ம தோனி மாதிரியாடா?" என்றார்.

பாதி அப்படித்தான் என்றேன். 2024 அக்டோபரில் சென்னை சூப்பர் கிங்ஸ் தோனியை நாலு கோடிக்குத் தக்கவைத்தது. ஐந்தாண்டாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியரைப் புதுமுகக் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி திரும்ப வந்ததால் அந்த விலை. அண்ணன் அதை ஆதரிப்பவர். "அந்த மனுசன் வந்து நின்னாலே போதும்டா. சேப்பாக்கத்துல சத்தத்தைக் கேட்டிருக்கேல்ல?"

கேட்டிருக்கிறேன் அண்ணா.

பிறகு அவர் கேட்டதுதான் ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. "அது சரி, உன்கிட்ட இருக்குற அந்த ஆளுக்கு நீ யாருன்னு தெரியுமா?"

தெரியாது. சென்னை அணிக்கும் தோனிக்கும் நடுவே நிஜமான கடன் இருக்கிறது. கோப்பைகள் இருக்கின்றன, உடை மாற்றும் அறை இருக்கிறது, அவர் பேச்சைக் கேட்டு வளரும் பையன்கள் இருக்கிறார்கள். ரன் வராவிட்டாலும் அவர் அங்கே இருப்பதற்கு ஒரு பொருள் உண்டு. கெல்சி கான்சாஸ் சிட்டியில் அப்படி இருக்கிறார். என் அணியில் உடை மாற்றும் அறை கிடையாது. என்னிடம் இருப்பது அவருடைய எண் மட்டும். நான் விட்டாலும் அவருக்கு ஒரு காசு குறையாது, வைத்தாலும் கூடாது. நன்றி என்று நான் பெயர் சூட்டியிருப்பது என் பதினோரு ஆண்டுகள்மேல் எனக்கிருக்கும் பற்று. அந்த ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள், காப்பி டம்ளர், மகள் தவழ்ந்து வந்து ரிமோட்டைப் பிடுங்கியது எல்லாம் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை விடுவதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கப்படுவது பதினேழாவது வரி மட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கெல்சியின் எண்களை இன்று முழுதாக எழுதினேன்.

2022: 110 பிடி, 1,338 யார்டு, 12 டச்டவுன். எங்கள் கணக்கில் சுமார் 316 புள்ளி. 2023: 93 பிடி, 984 யார்டு, ஐந்து டச்டவுன். 2024: 97 பிடி, 823 யார்டு, மூன்று டச்டவுன். சுமார் 197 புள்ளி.

பிடிகள் அதிகம் குறையவில்லை. ஒரு பிடிக்குக் கிடைக்கும் தூரம்தான் பன்னிரண்டு யார்டிலிருந்து எட்டரைக்கு வந்துவிட்டது. கையும் கண்ணும் அப்படியே இருக்கின்றன, பிடித்த பிறகு ஓடித் தப்பும் கால்தான் போகிறது. இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே எங்கே காலி இடம் திறக்கும் என்பது அவருக்கு இன்றும் மற்றவர்களுக்கு முன்பே தெரிகிறது. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு அங்கே எறிகிறார். பந்து வருகிறது. பிடித்த இடத்திலேயே கெல்சி விழுகிறார்.

1963இன் விங்கன்பாக் விதிகளில், பிடிப்பதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டும். அந்த விதிப்படி போன சீசன் கெல்சி மூன்றே மூன்று தடவை மட்டும் எண்ணப்பட்டிருப்பார், யாரும் வைத்திருக்க மாட்டார்கள். பிடிக்கு ஒரு புள்ளி என்ற விதி பின்னால் பரவியதால், அந்த 97 பிடிகள் அவரை இன்னும் நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன. ஒருவர் கிழவரா இல்லையா என்பதை உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, எதை எண்ணுகிறோம் என்பதும் தீர்மானிக்கிறது. இதை என் வேலையிலும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று நிஜ அணிகள் ஆள் குறைக்கும் நாள். கிழக்குக் கரையில் மாலை நாலு மணிக்குள் ஒவ்வோர் அணியும் 90 பேரிலிருந்து 53க்கு வர வேண்டும். அணிகள் 32. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் இடம் போகிறது. பயிற்சி முகாமில் அதைச் சொல்ல வருகிறவருக்குத் துருக்கியன் என்று ஒரு பழைய பட்டப்பெயர் உண்டு. கதவைத் தட்டி, கோச் உன்னைப் பார்க்க வேண்டுமாம், பிளேபுக்கைக் கையோடு எடுத்து வா என்பார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை.

வீரர்கள் சங்கம் சொல்லும் சராசரி ஆட்ட வாழ்க்கை மூன்று ஆண்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. கெல்சிக்கு இது பதின்மூன்றாவது சீசன்.

என் மேசையிலிருந்து நான் செய்யப்போவதை இதோடு ஒப்பிடுவதே பாவம். இன்று நோட்டை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

டெக்சஸ்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். அவரிடம் ஹென்றி இருக்கிறார், நல்ல ரிசீவர்கள் இருக்கிறார்கள், டைட் எண்ட் இடம்தான் ஓட்டை. கெல்சிக்கு 2026இன் இரண்டாம் சுற்றுத் தேர்வைத் தருகிறேன் என்கிறார். ஹென்றிக்குத் தந்த அதே விலை.

ஹென்றி விஷயத்தில் என் பிழை எது என்று இந்த மாதம் முழுக்கத் தவறாகவே எண்ணியிருந்தேன். கிழவர் என்று கொடுத்தது பிழை, அதனால் இந்த முறை கொடுக்கக் கூடாது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்று கடற்பறவைகள் வரும் உப்பளக் கரையில் நடந்தபோது அது தெளிந்தது. போன ஆகஸ்டில் என் அணி கோப்பைக்குப் போட்டியிடும் அணி. எனக்குத் தேவைப்பட்டது 2024இன் ஞாயிறுகள். ஹென்றியிடம் இருந்ததும் அவைதான். அவருடைய 2027ஐப் பற்றிக் கவலைப்பட்டு, கையில் இருந்த ஆண்டைக் கொடுத்துவிட்டேன். அவர் போனதும் அணி சரிந்தது. நாலு வெற்றி, பத்துத் தோல்வி.

வயதான ஆட்டக்காரரிடம் இருப்பது இந்த ஆண்டின் ஞாயிறுகள். அதற்கு மேல் கேட்பது அவருக்கு அநியாயம், அதற்குக் குறைவாக மதிப்பது நமக்கு நஷ்டம். ஆகவே இன்னும் எத்தனை ஆண்டு தாங்குவார் என்று நான் கேட்டதே வீண் கேள்வி. இந்த ஆண்டின் ஞாயிறுகள் என் அணிக்கு வேண்டுமா? வேண்டுமானால், முப்பதோ முப்பத்தாறோ, வைத்துக்கொள்ள வேண்டும். சந்தை கிழவருக்குக் குறைத்தே விலை சொல்லும், அந்த விலைக்குக் கொடுக்கவே கூடாது. வேண்டாமென்றால், வேண்டியவரிடம் அவர் போய்ச் சேர வேண்டும்.

என் அணி இளையது. இந்த ஆண்டு ஜெயிக்காது. மூன்று 22 வயதுப் பையன்கள் நிமிர இரண்டு சீசன் ஆகும். கெல்சியின் புள்ளிகள் என்னைப் பத்தாவது இடத்திலிருந்து எட்டாவது இடத்துக்குத் தூக்கலாம், கீழே இருப்பவர் முதலில் எடுக்கும் அடுத்த டிராஃப்டில் என்னைப் பின்னுக்குத் தள்ளலாம். அவருடைய பிடிகள் என் அணியில் வீணாகும். டெக்சஸ்காரரின் அணியில் ஒவ்வொரு பிடியும் கணக்கில் சேரும்.

இரவு பத்து மணிக்குச் சம்மதம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பட்டியலைத் திரும்ப எழுதினேன். மீதி இரண்டு பேரை விட்டாயிற்று, அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இருபத்தைந்து பெயர். பதினேழாவது வரியில் இப்போது ஒரு புதுப் பையன்.

சீஃப்ஸின் முதல் ஆட்டம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. பிரேசிலில், சாவோ பாலோவில், சார்ஜர்ஸோடு. எங்கள் நேரத்துக்கு மாலை ஐந்து மணி. அன்று வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்புவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். கெல்சி ஆடுகிறார்.